கைபேசியில் டிராக்கர் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் போனும் ஹெட்செட்டுமாக உட்கார்ந்து டிராக்கரில் பாட்டு கட்டுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், செண்டை படிப்பவர்கள், பொள்ளாச்சிப் பக்கம் ஜமாப் மேளம் அடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். முதலில் இருப்பவை எளிது. போகப்போகக் கணக்கு வரும், பயப்பட வேண்டாம்.

டிராக்கர்னா என்னங்ணா? பியானோக் கட்டையும் இல்ல, வெறும் நம்பரா ஓடுது?

பாட்டை மேலிருந்து கீழாக, கட்டம் கட்டமாக எழுதும் முறை அது. ஒவ்வொரு வரியும் ஒரு சின்னக் காலத் துண்டு. ஒவ்வொரு பத்தியும் ஒரு சேனல். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் ஒலிக்கும். ஓடவிட்டால் ஒரு கோடு வரி வரியாக இறங்கும். வரியில் எழுதியிருப்பது ஒலிக்கும். காலியாக இருந்தால் முந்தைய சத்தம் தொடரும்.

பழைய நான்கு சேனல் டிராக்கரில் ஒரு கட்டம் இப்படி இருக்கும்: “சி-3 01 சி40”. முதலில் சுரம்: மூன்றாம் ஸ்தாயி சி. அடுத்த 01 வாத்தியத்தின் எண். கடைசி மூன்று இடங்கள் கட்டளை. இங்கே ‘சி’ என்ற கட்டளை ஒலியளவை 40-இல் வைக்கச் சொல்கிறது. இப்படி 64 வரி சேர்ந்தால் ஒரு பேட்டர்ன். எந்தப் பேட்டர்னுக்குப் பின் எது என்று ஒரு வரிசைப் பட்டியல் இருக்கும். முழுப் பாட்டும் இவ்வளவுதான்.

1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகா கணினிக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் இந்த வழக்கம் தொடங்கியது. அதில் நான்கு சேனல், 15 வாத்தியம். அடுத்து வந்த டிராக்கர்கள் வாத்தியத்தை 31 ஆக்கின. 1994-இல் பிசிக்கு வந்த ஃபாஸ்ட்டிராக்கர் 2 சேனலை 32 ஆக்கியது. இன்று போனில் ஓடுவதும் அதே கட்டம்தான்.

எனக்கு ராகம், தாளம் ஒண்ணுமே படிச்சதில்ல. நான் பண்ண முடியுமா?

முடியும். டிராக்கருக்கு வேண்டியது எண்ணும் பழக்கம். விரலை மடக்கி எட்டு வரை விடாமல் எண்ண வருமா? போதும். கோயில் திருவிழாவில் மேளத்துக்குக் கையை வீசி வீசித் தாளம் போட்டவர்கள் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டார்கள். கீபோர்டு வாசித்துப் பழகியவர்கள்தான் முதல் வாரம் திணறுகிறார்கள். அவர்களுக்குக் கை முந்துகிறது, டிராக்கரில் கணக்கு முந்த வேண்டும்.

எந்த ஆப் போடறது? காசு கட்டணுமா?

நான் சொல்வது சன்வாக்ஸ். அலெக்சாண்டர் ஸோலோடோவ் எழுதியது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. போனுக்குக் காசு கட்ட வேண்டும், ஒரு முறைதான். விண்டோஸ், லினக்ஸ் கணினிக்கு அதே ஆப் இலவசம். வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தால் முதலில் அதில் பழகிப் பார்த்துவிட்டு, பிடித்தால் போனுக்கு வாங்குங்கள். கணினியில் செய்த பாட்டு போனிலும் அப்படியே திறக்கும்.

கேம்பாய் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியின் சத்தம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஜோஹன் கொட்லின்ஸ்கி எழுதிய லிட்டில் சவுண்ட் டிஜே இருக்கிறது. அது கேம்பாய்க்கான கேட்ரிட்ஜ் நிரல், போனில் எமுலேட்டர் (கேம்பாயைப் போல நடந்துகொள்ளும் நிரல்) வைத்து ஓட்டலாம். கேம்பாயின் நான்கு சேனல்களே அதற்கும்: இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு இரைச்சல். நானோலூப்பும் போனுக்கு உண்டு. ஆனால் அது கட்டத்தைத் தட்டித்தட்டி அமைக்கும் வகை. எண் எழுதிப் பழக விரும்புகிறவர்களுக்கு அதை நான் முதலில் கொடுப்பதில்லை.

என்னோடது அண்ணன் குடுத்த பழைய போன். ஸ்கிரீன் ஓரம் உடைஞ்சிருக்கு. ஓடுமா?

ஓடும். இந்த இசை பிறந்த அமிகா 500-இல் இருந்த நினைவகம் 512 கிலோபைட், வேகம் 7 மெகாஹெர்ட்ஸ் சுமார். உங்கள் போன் எவ்வளவு பழையதானாலும் அதைவிடப் பல மடங்கு பெரியது. சிக்கல் திரைதான். போனைக் குறுக்கே திருப்பி எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டால் விரல் தவறிப் பக்கத்துக் கட்டத்தில் விழாது. ஓடிஜி வயர் இருந்தால் கணினிக் கீபோர்டையே சொருகிக்கொள்ளலாம். எழுதும் வேகம் சட்டென்று கூடிவிடும்.

நம்பருக்கு நடுவுல ஏ, பி, எஃப்-னு எழுத்து வருதே, அது எதுக்கு?

டிராக்கர் பதினாறின் அடியில் எண்ணுகிறது. 0 முதல் 9 வரை நமக்குத் தெரிந்தது. பிறகு ஏ என்றால் பத்து, பி பதினொன்று, சி பன்னிரண்டு, டி பதின்மூன்று, இ பதினான்கு, எஃப் பதினைந்து. அதற்கு அடுத்தது 10. அதன் மதிப்பு பதினாறு. 20 என்றால் முப்பத்திரண்டு, 40 என்றால் அறுபத்து நான்கு.

அதனால்தான் பல டிராக்கர்களில் பேட்டர்னின் கடைசி வரி 3எஃப் என்று காட்டும்: பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அறுபத்து மூன்றாவது. முன்பு பார்த்த சி40 முழு ஒலியளவு, சி20 பாதி. நாலு நாலாக எண்ணும் தாளத்துக்கு இது பெரிய வசதி. வரி எண் 0, 4, 8, சி என்று முடிந்தால் அங்கே எண்ணிக்கை விழுகிறது என்று பார்த்ததுமே தெரியும்.

ஸ்பீடு 6, டெம்போ 125-னு போட்டிருக்கு. ரெண்டுமே வேகம்தானே, எதுக்கு ரெண்டு?

ஒரு வரிக்குள் இன்னும் சின்னத் துண்டுகள் உண்டு. அவற்றுக்கு டிக் என்று பெயர். ஸ்பீடு என்பது ஒரு வரிக்கு எத்தனை டிக். டெம்போ என்பது ஒரு டிக் எவ்வளவு நேரம். டெம்போ 125 என்றால் ஒரு டிக் 20 மில்லிசெகண்ட், அதாவது நொடிக்கு 50 டிக். ஐரோப்பிய டிவித் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்பட்டது. அமிகா அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு பாட்டை ஓட்டியதால் வந்த கணக்கு இது.

ஸ்பீடு 6 என்றால் ஒரு வரிக்கு ஆறு டிக், 120 மில்லிசெகண்ட். நான்கு வரி ஒரு எண்ணிக்கை என்று வைத்தால் 480 மில்லிசெகண்ட். நிமிடத்துக்குச் சரியாக 125 எண்ணிக்கை. பழைய டிராக்கர்களில் இரண்டையும் எஃப் என்ற ஒரே கட்டளைதான் மாற்றும். அதன் பின் வரும் எண் 20-க்குக் கீழே (நம் கணக்கில் 32) இருந்தால் ஸ்பீடு, 20-உம் அதற்கு மேலும் என்றால் டெம்போ. எஃப்06 ஸ்பீடு ஆறு, எஃப்7டி டெம்போ 125. இந்த டிக் கணக்கை மனதில் வையுங்கள், கடைசிக் கேள்விகளில் இதுதான் கைகொடுக்கும்.

சரிங்க, வெறும் கட்டம் முன்னால இருக்கு. முதல்ல எதை எழுதறது?

ஆதி தாளத்தில் ஆரம்பியுங்கள். எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி, மொத்தம் 32. ஒரு பேட்டர்னில் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கச்சிதமாக உட்காரும். முதல் சேனலில் 00, 08, 10, 18 வரிகளில் கனமான அடி ஒன்று வையுங்கள். இரண்டாம் சேனலில் 04, 0சி, 14, 1சி வரிகளில் இலத்தாளம் (கேரளத்து ஜால்ரா). இப்போது ஓடவிடுங்கள். நடக்கிற மாதிரி ஒரு நிதானம் வந்திருக்கும்.

அடுத்து முதல் சேனலில் 0இ வரியில் ஒரு அடியைப் பாதி ஒலியில் சேருங்கள். 10-இல் விழப்போகும் அடிக்கு அது முன்னோட்டமாக இருக்கும். அந்த ஒற்றை அடியில் தாளம் உருளத் தொடங்குவது கேட்கும். இதை நான் எல்லாரிடமும் செய்யச் சொல்வேன், ஏனென்றால் எங்கே எழுதாமல் விடுகிறோம் என்பதும் இசைதான் என்பது அப்போது காதுக்குப் புரியும். பிறகு மூன்றாம் சேனலில் பேஸ் (தாழ்ந்த சுரங்கள்), நான்காவதில் மெட்டு. முதல் பாட்டை நான்கு பேட்டர்னுக்குள் முடித்துவிடுங்கள். பாதியில் நிற்கும் பெரிய பாட்டைவிட முடிந்த சின்னப் பாட்டு நிறையச் சொல்லிக்கொடுக்கும்.

சத்தம் எங்கிருந்து எடுக்கறது? நெட்ல இறக்கணுமா?

சன்வாக்ஸுக்குள்ளேயே ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. டிரம் சத்தமும் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துச் சத்தம் நிறைய இருக்கும்போது அதைப் பதிவு செய்யாமல் விடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. உருமியின் இழுப்பு, பம்பை, செண்டையின் இடந்தலை, பித்தளைக் குடத்தின் கழுத்தில் விரல் மோதிரத்தால் தட்டினால் வரும் ‘ணங்’, தென்னை மட்டையைத் தரையில் இழுக்கும் ஒலி, எல்லாம் சாம்பிள் (வாத்தியமாக வைக்கும் ஒலித் துண்டு) ஆகும்.

பதிவு செய்யும்போது போனை வாத்தியத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். செண்டைக்கு அது போதாது, இரண்டு கஜமாவது வேண்டும், இல்லாவிட்டால் மைக் சத்தத்தைக் கத்தரித்துவிடும். ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக, அடங்கும் வரை விட்டுப் பதியுங்கள். மெல்ல அடித்தது ஒன்று, ஓங்கி அடித்தது ஒன்று. பிறகு சாம்பிளரில் ஏற்றி முன்னால் இருக்கும் வெற்றிடத்தை ஒட்ட நறுக்குங்கள். அடிக்கு முன் கொஞ்சம் மௌனம் ஒட்டியிருந்தாலும் பாட்டு முழுக்கத் தாளம் பின்தங்கியே கேட்கும்.

ரெக்கார்ட் பண்ணது ரொம்பத் தெளிவா இருக்குங்ணா. பழைய கேம் மாதிரி ‘கரகர’ன்னு வரலையே?

பழைய சத்தத்தின் ருசி இரண்டு குறைகளிலிருந்து வருகிறது. ஒன்று, அமிகா ஒலியை 8 பிட்டில் வைத்திருந்தது. ஒலியின் உயரத்துக்கு 256 படிகள்தான், அதனால் ஓசை அடங்கும் இடத்தில் கரகரப்பு. இரண்டு, ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்ற சாம்பிள் வேகம் குறைவு. சி-2 சுரத்தில் நொடிக்குச் சுமார் 8,287 அளவீடுதான் ஓடும். அந்த வேகத்தில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி பதிவில் தங்காது. இலத்தாளம் பானைக்குள் தட்டியது போல் மூடிக்கொண்டு கேட்பது அதனால்தான்.

ஆகவே பதிவை 8 பிட், 8,000 அல்லது 16,000 ஹெர்ட்ஸ், மோனோ என்று மாற்றிவிட்டு ஏற்றுங்கள். கேம்பாய் போன்ற ‘பீப்’ ஒலிக்குப் பதிவே தேவையில்லை. சன்வாக்ஸில் அனலாக் ஜெனரேட்டரில் சதுர அலையைத் தேர்ந்தெடுத்தால் போதும். என் விருப்பம்: மேளத்தைக் கரகரப்பாக்குங்கள், மெட்டைச் சதுர அலையில் வையுங்கள். இரண்டும் ஒரே காலத்துச் சத்தமாகச் சேர்ந்து உட்காரும்.

நாலே சேனல்ல எப்படிங்க கார்டு, பேஸ், மேளம் எல்லாம் வரும்? எனக்குப் பத்தல.

ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) ஒரே சேனலில் வாசிக்கலாம். பழைய டிராக்கரில் 047 என்று கட்டளை எழுதினால், அடிச் சுரம், அதற்கு நான்கு அரைச்சுரம் மேலே, ஏழு மேலே என்று டிக்குக்கு ஒன்றாகச் சுழலும். 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று மாறுவதால் மூன்றும் கலந்து மேஜர் கார்டாக மினுங்கும். 037 மைனர். அந்தக் கால விளையாட்டுகளில் கேட்ட ‘கிலுகிலு’ இதுதான். சன்வாக்ஸில் சில கட்டளைகளின் எண் வேறு. இப்படிச் சுழற்றும் ஆர்பெஜியோவுக்கு அங்கே 08.

அப்புறம், ஒரு சேனலை இருவர் பங்கிட்டுக்கொள்ளலாம். கனமான அடி விழும் வரியில் பேஸ் எழுதாமல் அதற்கடுத்த வரியில் எழுதுங்கள். கேட்பவர் காது இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். மெட்டின் காலி வரிகளில் இரண்டு மூன்று வரி முன்பு வந்த சுரத்தையே சி10 அளவுக்குத் தணித்து எழுதினால் எதிரொலி வந்துவிடும், அதற்குத் தனிச் சேனல் வேண்டாம். சன்வாக்ஸ் நிறையச் சேனல் தரும் என்பது உண்மை. இருந்தாலும் முதல் சில பாட்டை நாலுக்குள் கட்டச் சொல்வேன். எது தேவை, எது அலங்காரம் என்று முடிவெடுக்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது.

ஒரு இயர்போனை நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு காதுல வச்சுக் கேட்டோம். அவளுக்குப் பாதிப் பாட்டுத்தான் வந்துதாம்!

அமிகாவில் முதல் சேனலும் நான்காவதும் இடது காதுக்கு, நடுவில் உள்ள இரண்டும் வலது காதுக்கு. கலப்பே கிடையாது. பழைய மாட் கோப்புகளை (டிராக்கர் பாட்டுக் கோப்பு வகை) திறக்கும் பல ஆப்கள் அதை அப்படியே பின்பற்றும். அமைப்புகளில் ஸ்டீரியோப் பிரிவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் பாட்டில் பேஸும் கனமான அடியும் நடுவில் இருக்கட்டும்.

புளூடூத் ஹெட்செட்ல தட்டினா சத்தம் அப்புறமா வருது. ஆப் கெட்டுப்போச்சா?

ஆப் சரியாகத்தான் இருக்கிறது. புளூடூத்தில் ஒலி தாமதமாகத்தான் வரும். விரலால் நேரடியாக வாசித்துப் பதிய வேண்டுமானால் வயர் ஹெட்செட் கட்டாயம். கட்டத்தில் ஒவ்வொன்றாக எழுதுகிறவருக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று: போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, அதை நம்பிப் பேஸைக் கூட்டிவிடாதீர்கள்.

மத்தவங்க செஞ்ச பாட்டைத் திறந்து பார்த்துக் காப்பி அடிக்கலாமா?

திறந்து பாருங்கள், கட்டாயம் பாருங்கள். எம்பி3-யில் பாட்டு மட்டும் இருக்கும். மாட், எக்ஸ்எம் கோப்புகளில் சாம்பிள், பேட்டர்ன், கட்டளை எல்லாம் திறந்தபடி இருக்கும். எந்த அடி எந்த வரியில், எவ்வளவு ஒலியில் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 1996 முதல் இயங்கும் மாட் ஆர்க்கைவ் தளத்தில் இப்படிக் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. சன்வாக்ஸ் இந்த இரு வகையையும் திறக்கும். வாத்தியப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் நண்பர்களுக்கு வணக்கமும் செய்தியும் எழுதி வைத்திருப்பார்கள், அதையும் படியுங்கள்.

படிப்பது வேறு, பெயரை மாற்றி நம்முடையது என்று போடுவது வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் அதைச் செய்தவர் வைத்த நிபந்தனை இருக்கும். ஒரு சேனலை மட்டும் ஒலிக்கவிட்டு, அதைப் பார்க்காமல் காதால் கேட்டுத் திரும்ப எழுதிப்பாருங்கள். அதில் கற்பது எடுத்து ஒட்டுவதில் வராது.

அப்பாவோட கேசட்ல பழைய சினிமாப் பாட்டு இருக்கு. அதுல இருந்து ரெண்டு செகண்ட் எடுத்துக்கலாமா?

வீட்டில் பழகிப்பார்க்க எடுத்தால் யாரும் வரப்போவதில்லை. வெளியே போடும்போதுதான் பிரச்சினை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கு, அது வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. மெட்டுக்கு உரிமை தனி. இசையமைத்தவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள். இரண்டு நொடி என்றால் பரவாயில்லை என்று சட்டத்தில் ஓர் அளவு கிடையாது. யூடியூபின் தானியங்கிச் சோதனையும் சின்னத் துண்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். அவர் கீர்த்தனையை நீங்களே சதுர அலையில் எழுதி வாசிக்கத் தடையில்லை. ஆனால் அதே கீர்த்தனையை 1980-களில் ஒருவர் பாடிய பதிவிலிருந்து துண்டு எடுக்க முடியாது. திருவிழாவில் மேளக்காரரைப் பதிவு செய்தாலும் முதலில் அவரிடம் கேளுங்கள். ஆசான்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார்கள், தனியாக நாலு அடி அடித்தும் காட்டுவார்கள்.

ஆப்பை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன், பாட்டெல்லாம் போச்சு. திரும்ப வருமா?

பெரும்பாலும் வராது. ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் தன் சொந்த அறையில் வைத்த கோப்புகள் ஆப்போடு சேர்ந்து அழிந்துவிடும். ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழுந்ததும் ஆப்பின் ஏற்றுமதி வசதி வழியாகப் பாட்டை வெளியே எடுத்து டிரைவிலோ உங்களுக்கே ஒரு மெயிலாகவோ அனுப்பிவிடுங்கள். மூலக் கோப்பைத்தான் சேமிக்க வேண்டும். வேவ் ஒலிக்கோப்பு ஆக்கியதை வைத்துக்கொண்டு வரி மாற்ற முடியாது.

நண்பர்களுக்கு அனுப்ப வேவ் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். வழக்கமான ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு 10 மெகாபைட் பிடிக்கும், எம்பி3 ஆக்கிக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

மேளம் எழுதினேன், அடி எல்லாம் சரியான இடத்துல விழுது. ஆனா உயிரே இல்ல, மெஷின் மாதிரி இருக்கு.

எல்லா அடியும் ஒரே சாம்பிள், ஒரே ஒலியளவு, சரியாக வரியின் தொடக்கம். அதுதான் காரணம். தவில்காரரைக் கவனியுங்கள்: இடப்பக்கமான தொப்பியில் குச்சி, வலந்தலையில் கூடு போட்ட விரல்கள். இரண்டும் இரண்டு குரல். ஒரே பக்கத்திலும் இரண்டு அடி ஒன்றுபோல விழாது. முன்பு சொன்னபடி மெல்லியதும் ஓங்கியதுமாகப் பதிந்திருந்தால் இப்போது மாற்றி மாற்றிப் போடுங்கள். எண்ணிக்கையில் விழும் அடிக்கு 40, நடுவில் வருபவற்றுக்கு 18 முதல் 28 வரை.

பழைய டிராக்கரில் இரண்டு கட்டளைகள் இதற்கென்றே உண்டு. இடி1, இடி2 (இ, டி, பிறகு எண்) என்று எழுதினால் அந்த அடி ஒன்றிரண்டு டிக் தள்ளி விழும். டெம்போ 125-இல் ஒரு டிக் 20 மில்லிசெகண்ட்தான், ஆனாலும் காது பிடித்துவிடும். உருட்டில் கடைசி அடியை மட்டும் ஒரு டிக் தள்ளிப்பாருங்கள். இன்னொன்று 901: சாம்பிளின் முதல் 256 பைட்டைத் தாண்டி வாசிக்கும். அடியின் கூர்மை போய் உடம்பு மட்டும் ஒலிக்கும், கை மாறினது போல இருக்கும். ஒரே சாம்பிளில் மூன்று குரல் கிடைக்கிறது.

நாதஸ்வரத்துக் கமகம் இதுல வருமா?

ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) நன்றாக வரும். புதிய சுரத்தின் வரியில் 3 என்ற கட்டளையைச் சேர்த்தால் பழைய சுரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு போகும், புதிதாக ஊதினது போல் உடையாது. 304 நிதானம், 310 வேகம். கம்பிதத்துக்கு (சுரத்தை அசைப்பதற்கு) எல்லாரும் வைப்ரேட்டோக் கட்டளை 4-ஐத்தான் தேடிப்போகிறார்கள். அது சுரத்துக்கு மேலும் கீழும் ஒரே அளவாக ஆடும், மேற்கத்திய வயலின் சாயல் வந்துவிடும். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவது; ஒவ்வொரு அசைவுக்கும் இலக்குச் சுரத்தை மாற்றி மாற்றி எழுதி, கட்டளை 3-ஆல் வழுக்கவிடுங்கள். வரி நிறையப் பிடிக்கும். நிதானமான ராகத்தை நாலு வரிதானே என்று எடுத்தால் ஒரு மாலையே போய்விடும். அதற்கு மதிப்பு உண்டு.

மிஸ்ர சாபு ஏழு ஆச்சே. 64 வரியில எப்படி உட்காரும்?

உட்காராது, பேட்டர்னைச் சுருக்க வேண்டும். தகிட தக திமி: மூன்று, இரண்டு, இரண்டு. ஒவ்வொரு அட்சரத்துக்கும் (எண்ணிக்கைக்கும்) நான்கு வரி கொடுத்தால் 12, 8, 8 ஆக 28 வரி. அடிகள் 00, 0சி, 14 வரிகளில் விழும். இரண்டு ஆவர்த்தனத்துக்கு 56 வரி. கடைசி வரியான 37-இல் டி00 என்று எழுதினால் மீதியை விட்டு அடுத்த பேட்டர்னுக்குத் தாவிவிடும். சன்வாக்ஸில் பேட்டர்னின் நீளத்தையே 56 என்று வைத்துவிடலாம்.

பஞ்சாரி மேளம் போடணும். நெம்மாறை வேலா திருவிழாவுல கேட்ட மாதிரி மெல்ல ஆரம்பிச்சு ஏறணும். முடியுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. பஞ்சாரி என்ற கேரளச் செண்டை மேளத்தில் ஐந்து காலங்கள் (கட்டங்கள்): அட்சரம் முறையே 96, 48, 24, 12, 6. ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. டிராக்கர் கட்டத்துக்கு இதைவிட இசைவான கணக்கு கிடைக்காது. ஓர் அட்சரத்துக்கு இரண்டு வரி என்று வைத்துக்கொண்டு, எல்லாப் பேட்டர்னையும் 48 வரியாக வெட்டுங்கள் (2எஃப் வரியில் டி00). முதல் காலத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு பேட்டர்ன் ஆகும். இரண்டாம் காலத்துக்கு இரண்டு. மூன்றாவதற்குச் சரியாக ஒன்று. நான்காம் காலம் ஒரு பேட்டர்னுக்குள் இருமுறை சுற்றும், ஐந்தாம் காலம் நான்கு முறை.

வாத்தியங்கள் செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல். செண்டைக்கு இரண்டு சேனல் ஒதுக்குங்கள்: இடந்தலைக்கு ஒன்று, தாளம் பிடிக்கும் வலந்தலைக்கு ஒன்று. இலத்தாளத்துக்கு மூன்றாவது. கொம்பும் குழலும் நான்காவதைப் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

ஏற்றத்துக்கு ஸ்பீடைத் தொடாதீர்கள். 6-லிருந்து 5-க்குப் போனால் வரி 120-லிருந்து 100 மில்லிசெகண்டாகக் குதிக்கும், கூட்டத்தில் யாரோ தள்ளிவிட்டது போல் கேட்கும். டெம்போவைப் பேட்டர்னுக்கு ஒன்றோ இரண்டோ கூட்டுங்கள். 125-லிருந்து 126-க்குப் போனால் வரியில் ஒரு மில்லிசெகண்ட்கூடக் குறையாது. ஏறுவது தெரியாமல் ஏறும். பாண்டி என்ற இன்னொரு செண்டை மேளத்துக்கும் இதே வழி: 56, 28, 14, 7. அதற்கு 56 வரிப் பேட்டர்ன். முந்தைய பதிலில் சுருக்கியதே போதும்.

தாளம் அப்படியே இருக்கணும், நடை மட்டும் சதுஸ்ரத்துலருந்து திஸ்ரத்துக்கு மாறணும். எங்க ஆசான் தனி ஆவர்த்தனத்துல பண்ற மாதிரி. முடியவே முடியாதுன்னு ஒருத்தர் சொன்னார்.

முடியும், முன்பு சொன்ன டிக் கணக்கை எடுங்கள். சதுஸ்ரத்தில் ஓர் எண்ணிக்கைக்கு நான்கு வரி, வரிக்கு ஆறு டிக், ஆக 24 டிக். திஸ்ரத்துக்கு மூன்று வரிதான் வேண்டும்; வரிக்கு எட்டு டிக் கொடுத்தால் அதுவும் 24. ஆகவே நடை மாறும் வரியில் எஃப்08 எழுதி, அதன்பின் எண்ணிக்கைக்கு மூன்று வரியாக எழுதுங்கள். கையில் போடும் தாளம் அசையாது, உள்ளே நடை மட்டும் மாறும். திரும்பும்போது எஃப்06. இந்தக் கட்டளை எல்லாச் சேனலுக்கும் பொதுவானது, அதனால் மெட்டையும் மூன்றின் கணக்கில் எழுதியாக வேண்டும்.

கண்ட நடைக்கு ஐந்து வரி. 24 ஐந்தால் வகுபடாது. நான்கு வரிக்கு எஃப்05, ஐந்தாவது வரிக்கு எஃப்04 என்று ஒவ்வொரு எண்ணிக்கையிலும் மாற்றி எழுதுங்கள். ஐந்தாவது வரி மட்டும் ஒரு டிக் குட்டை. அந்த வரியில் அடி எதுவும் விழாமல் கோர்வையை அமைத்துவிட்டால், தவில் பழகின காதுக்குக்கூடத் தெரியாது.